கொஞ்சம் சாதத்துக்கு ஆங்கிலம்

1

இந்தக் கதை ஓர் இலக்கண அட்டவணையில் பிறந்தது. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? ‘லிட்டில்’ என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். அதற்கு முன்னால் ஓர் ‘எ’ வைத்துவிட்டால், ஏதோ இருக்கிறது என்று ஆறுதல். எண்ணக்கூடிய பொருளென்றால் ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’. அரிசியை எண்ண முடியாத பொருள்களின் வரிசையில் சேர்த்திருந்தார்கள். 1966இல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் அதை எண்ணியிருக்க முடியும் என்று எனக்குப் பட்டது. அவ்வளவுதான் மூலம். மிச்சமெல்லாம் புளுகு.

2

முதல் தொடக்கம்: “கோபுரத்தில் புறாக்கள் சிறகடிக்க, தறிகளின் இன்னிசை தெருவெங்கும்…”

[வேண்டாம். அந்த வருஷம் பாதித் தறி ஓடவில்லை. புறாக்களையும் இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பறக்கவிட்டாயிற்று.]

இரண்டாவது தொடக்கம்: குமாரவேல் நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. தெருவிலேயே ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பார்கள். பேசி யாரும் கேட்டதில்லை.

[இது பரவாயில்லை. இருக்கட்டும்.]

மழை பொய்த்து, ரேஷன் அரிசி குறைந்து, பட்டு வரத்தும் நின்றுபோன சமயம் அது. டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், வீடு வீடாகப் பார்ப்பார், கஷ்டம் உண்மையென்று அவருக்குப் பட்டால் தெருவுக்குத் தனியாக அரிசி கிடைக்கும் என்று சங்கத்துக்குச் செய்தி வந்தது. அவருக்கு இந்தியும் ஆங்கிலமும்தான் தெரியுமாம். முந்தின வருஷம்தான் ஊரே இந்தி வேண்டாம், ஆங்கிலமே போதும் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தது. முன்வரிசையில் கத்தியவன் குமாரவேல். போதும் என்ற ஆங்கிலத்தை இப்போது பேசிக் காட்ட வேண்டிய வேலையும் அவன் தலையில் விழுந்தது.

பாவம், ஒரு வாரமாக அவனுக்குத் தூக்கமே இல்லை. “தேர் இஸ் லிட்டில் ரைஸ், சார்” என்று குளிக்கும்போதும் முணுமுணுத்தான். தப்பித்தவறி ஓர் ‘எ’ வாயில் வந்துவிட்டால் தெருவே பட்டினி கிடக்கும் என்று நம்பினான்.

3

அதிகாரி வெள்ளிக்கிழமை வந்தார்.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் லட்சுமி போய்விடுவாள். வீட்டில் அவள் இருக்கிறாளா என்று யாரும் பார்ப்பதில்லை, சொல்லக்கூடாது, அவ்வளவுதான். டில்லியில் இதை யாரும்… சரி, கட்டுரை போதும்.]

“அரிசி இருக்குதான்னு கேக்கறாரும்மா” என்றான் குமாரவேல், முதல் வீட்டில்.

“இருக்குதுபா. கொஞ்சம் இருக்குது” என்றாள் நீலாம்பாள். அவளுக்குப் பின்னால் அரிசிப் பானை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

அடுத்த வீட்டுப் பரமசிவம் நூலே இல்லாத தறிமேல் கையை ஊன்றிக்கொண்டு, “தறியா? ஓடிக்கினுதான் இருக்குது” என்றார்.

குமாரவேல் ஒவ்வொரு வாசலிலும் அந்த ‘எ’யைக் கவனமாக விழுங்கினான். “லிட்டில் ரைஸ், சார். ஃபியூ லூம்ஸ், சார்.” அதிகாரி அவன் ஆங்கிலத்தைக் கேட்கவேயில்லை. தலையாட்டிச் சிரிக்கிற முகங்களைத்தான் பார்த்தார். “குட், குட்” என்று அவரும் சிரித்தார்.

[இங்கே குமாரவேல் பொங்கியெழுந்து உண்மையைப் போட்டு உடைப்பதாக ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். குமாஸ்தாக்களை எனக்குத் தெரியும்.]

4

ஊருக்கு வந்த மனிதரைச் சாப்பிடாமல் அனுப்புவதா? நீலாம்பாள் வீட்டில் ஒரு பிடி, பரமசிவம் வீட்டில் அரைப்பிடி என்று காலையிலேயே அரிசி திரட்டி, குமாரவேலின் அக்கா தில்லையம்மாள் வீட்டில் உலை வைத்துவிட்டார்கள். பஞ்சத்தைப் பார்க்க வந்தவருக்கு விருந்து. இதை நான் கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கு அழுகை வருகிறது.

“அக்கா, நம்ம கஷ்டத்தப் பாக்க வந்திருக்காரு. அவருக்குப் போயி தலைவாழை இலை போடறியே” என்றான் குமாரவேல்.

“கஷ்டத்தப் பாக்க வந்தவருக்குப் பசிக்காதா? கம்முனு இருடா. தெரு மானமே போயிடும்.”

அதிகாரி நல்ல மனிதர். சம்மணமிட்டு உட்கார்ந்தார். கோதுமை தின்று வளர்ந்தவர்தான், ஆனாலும் வத்தக்குழம்பு அவரை வளைத்துப் போட்டுவிட்டது. இலையை வழித்துவிட்டு நிமிர்ந்து, குமாரவேலிடம் சொன்னார்: “எ லிட்டில் மோர் ரைஸ், ப்ளீஸ்.”

இலக்கணம் சுத்தம்.

“என்னா கேக்கறாரு தம்பி?” என்றாள் தில்லையம்மாள், கையில் கரண்டியோடு.

5

முதல் முடிவு: குமாரவேல் அதிகாரியிடம், சோறு இல்லை, தெருவிலேயே இல்லை என்று சொல்லிவிடுகிறான். அரிசி வருகிறது. [வெள்ளிக்கிழமை, தன் வீட்டில், விருந்தாளி முன்னால் அந்தச் சொல்லைச் சொன்ன தம்பியின் முகத்தில் அக்கா அப்புறம் முழிப்பாளா?]

இரண்டாவது முடிவு: கேட்டதை அவன் அப்படியே சொல்ல, அவள் பானையைச் சுரண்டிப் போடுகிறாள். அதிகாரி ஏப்பம் விட்டு, இந்தத் தெருவுக்கு ஒரு குறையுமில்லை என்று டில்லிக்குத் தெரிவிக்கிறார். [இப்படித்தான் நடந்திருக்கும். அதனாலேயே எழுதக் கூசுகிறது.]

மூன்றாவது முடிவு: அதிகாரி தற்செயலாக எழுந்து பானைக்குள் எட்டிப் பார்த்து… [அதிகாரிகள் பானைக்குள் எட்டிப் பார்க்கிற கதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.]

மூன்றையும் அடித்துவிட்டேன்.

பானையில் இருப்பது ஒரு கரண்டிச் சோறு. சாப்பிடுகிறவர் இலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று தில்லையம்மாள் தன் பிள்ளைகளைக் கோயில் பக்கம் அனுப்பியிருக்கிறாள். அவர் எழுந்ததும் வந்து சாப்பிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். அக்கா கரண்டியோடு நிற்கிறாள். குமாரவேலுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள், அவர் என்ன கேட்கிறாரென்று.