ஒரு தேர்வர், மூன்று மதிப்பீடு

என் கடைசி மகளின் கல்யாண விஷயத்தில் நான் மனம் இளகிவிட்டேன் என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. இளகவில்லை. விதிப்படி நடந்தேன். ஆளுக்கொரு கதை கட்டுவதற்குள் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

பல்கலைக்கழகத் தேர்வுத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எவருக்கும் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை, குறைத்ததுமில்லை. பட்டம் வாங்காத வீட்டில் மூன்று தலைமுறையாக நாங்கள் பெண் கொடுத்ததும் கிடையாது, எடுத்ததும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில், மருத்துவமனை மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே குளிர் அறையைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள்.

"படிப்பு?" என்றேன்.

"பத்தாவதோட நின்னுட்டார்ப்பா."

"பத்தாவது பாஸா?"

"நின்னுட்டார்னு சொன்னேன்ல."

"சர்டிஃபிகேட் இல்லாத ஆளை நான் எதை வெச்சு எடைபோடுறது?"

"அப்ப நீங்களே ஒரு பரீட்சை வெச்சுப் பாருங்களேன்!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

கோபத்தில் சொன்னாள். ஆனால் சொன்னது நல்ல யோசனை.

மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு ஐம்பது. தேறாவிட்டால் இரண்டு பேரும் இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். தேறினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மெக்கானிக் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் பின்னால் கை கட்டிக்கொண்டு நடந்தேன். சமையலறைப் பக்கம் மகள் தலை தெரிந்ததும் கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் எழுந்து நின்றார்.

"மாமா, இன்னொரு பேப்பர் கிடைக்குமா?"

"சார்னு சொல்லுங்க. பரீட்சை ஹால்ல மாமா கிடையாது."

"சரிங்க சார்."

ஒரு மணி அடித்ததும் விடைத்தாளை வாங்கி, பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு ரகசிய எண் போட்டேன். எழுதியது ஒரே ஆள்தானே என்று மனைவி சிரித்தாள். ஒரு ஆள் என்றாலும் முறை முறைதான்.

அந்த முறைப்படியே இரட்டை மதிப்பீடு. முதல் திருத்துநர் என் அக்கா. இரண்டாமவர் அவள் கணவர், அதாவது என் அத்தான். இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். என் அப்பா சல்லடை போட்டுச் சலித்து எடுத்த மாப்பிள்ளை. ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அக்காவுக்கு நகல் கொடுத்து முன்னறையிலும், அத்தானை மாடியிலும் உட்கார வைத்தேன்.

அக்கா எழுபத்தொன்று போட்டாள். அத்தான் முப்பத்திரண்டு.

"காலத்தின் அருமை பற்றிக் கட்டுரை கேட்டிருக்கே. பய மூணே வரி எழுதியிருக்கான் மச்சான்," என்றார் அத்தான். "முன்னுரை எங்கே? முடிவுரை எங்கே?"

அந்த மூன்று வரி இதுதான்: 'குளிர் அறை நின்றால் நாலு மணி நேரத்தில் மருந்து கெட்டுவிடும். போன் வந்தால் ஒரு மணி நேரத்தில் அங்கே இருப்பேன். இதுவரை ஒரு மருந்தும் கெட்டதில்லை.'

"இதுக்கு மேல என்னத்தை எழுதணும்?" என்றாள் அக்கா.

"அளவு இருக்குடி எல்லாத்துக்கும்."

"தம்பி, ரெண்டு டாக்டர் பட்டத்தோட நாப்பது வருஷம் குடும்பம் நடத்துறேன். எதுக்கு எவ்வளவு மார்க்னு எனக்குத் தெரியும்டா."

பதினைந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது மதிப்பீடு. அதுவே முடிவு. தாள் என்னிடம் வந்தது.

பேனாவைத் திறந்தேன். எழுத்துப்பிழைக்கு அரை அரையாகக் குறைத்தேன். ஈவு இரக்கம் பார்க்கவில்லை. ஒன்பது வினாவுக்கும் சேர்த்து நாற்பத்து நான்கு. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான் நிமிரவில்லை.

மிச்சம் இருந்தது பத்தாவது வினா, பத்து மதிப்பெண்: 'இக்குடும்பத்தின் மருமகனுக்கு இருக்க வேண்டிய ஐந்து தகுதிகளை விளக்குக.' மெக்கானிக் வினா எண்ணைப் போட்டு ஒரே வரி எழுதியிருந்தார்: 'இதை உங்க பொண்ணுகிட்டதான் கேட்கணும்.'

விடைக்குறிப்பு இல்லாமல் திருத்தக் கூடாது. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. எழுதினேன். ஒன்று, பட்டம். உடனே அடிக்க வேண்டியதாயிற்று. பட்டம் கட்டாயம் என்றால் அவரைத் தேர்வு எழுதவே விட்டிருக்கக் கூடாது. அடுத்து, பொறுமை. எதிரே அத்தான் காபி ஆறிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். அடித்தேன். சிக்கனம். போன மாதம் அவர் வாங்கிய மூன்றாவது தொலைநோக்கி நினைவுக்கு வந்தது. அதையும் அடித்தேன். நேரம் தவறாமை, இன்சொல். எதை எழுதினாலும் என் அப்பா சலித்தெடுத்த மருமகனே அதில் தேறவில்லை. குறிப்பு எழுதிய தாளில் கோடுகள்தான் இருந்தன.

விடைக்குறிப்பு தர முடியாத வினா பிழையான வினா. பிழையான வினாவுக்கு, எண் போட்டு முயன்றவர் எல்லோருக்கும் முழு மதிப்பெண். இது நான் இரக்கப்பட்டு உண்டாக்கிய விதி அல்ல. முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் செய்தது.

"ஐம்பத்து நான்கு. இரண்டாம் வகுப்பில் தேர்ச்சி," என்றேன்.

"அநியாயம்! கடைசிக் கேள்விக்கு அவன் பதிலே எழுதலையே!" என்று எழுந்தார் அத்தான்.

"அதுக்குப் பதில் உங்ககிட்ட இருக்கா அத்தான்?"

அத்தான் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மகள் வந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார்.

"சார், ஒரு மார்க் ஷீட் எழுதிக் குடுப்பீங்களா? பரீட்சையில தோத்துட்டா அந்த வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. பாஸ்னு வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

அந்த அம்மாளும் என்னைப் போலவே வளைந்து கொடுக்காதவர் போலிருந்தது. நல்ல தாள் எடுத்து, எழுத்திலும் எண்ணிலும் மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"தேர்வர் கையில குடுக்கிற வழக்கம் இல்லை. வீட்டுப் பெரியவங்ககிட்ட நானே நேர்ல கொண்டுவந்து ஒப்படைக்கணும். அம்மா எத்தனை மணிக்கு வீட்ல இருப்பாங்க மாப்ளே?"