கண் மூடாத ஒரு படம்

முப்பத்தொரு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். இந்த வட்டாரத்தில் ஃபிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போன முதல் பெண் நான்தான். பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்; பேசத்தான் போகிறேன். நான் எடுத்து, எனக்குத் திருப்தியான படத்தின் முதுகில் மட்டும் ஸ்டுடியோ சீலைக் குத்துவேன். அடுத்தவர் எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் சீல் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது.

அப்படிப்பட்டவளின் அப்பாவுக்குக் கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அந்த வரிசையில் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கேமராவைத் தூக்கினாலே அவருக்கு இமை படபடக்கும். என் கல்யாண ஆல்பத்தில் பதினாலு படத்தில் இருக்கிறார்; பதினாலிலும் தூங்குகிறார். இத்தனைக்கும் நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர். "கண்ணுதாம்மா எனக்கு லைசென்ஸ்" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அதில் இடது கண்ணைத்தான் அந்தத் திங்கட்கிழமை எடுத்துவிடுவதாக இருந்தார்கள். கண்ணுக்குப் பின்னால் கட்டி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெண்டு கண்ணோட ஒரு படம் வேணும்மா. அப்புறம் யாராவது கேட்டா காட்ட வேணாமா?"



ஞாயிறு காலை தம்பி வந்து இறங்கினான். கம்ப்யூட்டர் வேலைக்காரன், கழுத்தில் புது டிஜிட்டல் கேமரா. நான் காப்பி போட்டு முடிப்பதற்குள் அப்பாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து ஆரம்பித்துவிட்டான். பட்பட்பட்பட்டென்று சுட்டுத் தள்ளினான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பாவின் இமை துள்ளியது.

"எத்தனைடா எடுத்தே?"

"இருநூத்திப் பத்து."

"கண்ணு திறந்தது?"

ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "அரைக்கண்ணு நாலு இருக்குக்கா."

"அப்பா கேட்டது முழுக்கண்ணு ரெண்டு."

"நீ மட்டும் என்ன, ஃபிலிம்லயா எடுக்கறே? உன் ஸ்டுடியோலயும் டிஜிட்டல்தானே?"

சுருக்கென்றது. உண்மைதான், பதினெட்டு வருடமாக நானும் அதில்தான் சோறு தின்கிறேன். வசதிதான், யார் இல்லை என்றது? முகம் கோணினால் உடனே தெரிகிறது. அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். அந்த "இன்னொன்று"தான் என்னைச் சோம்பேறியாக்கியது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான் என்றிருந்தபோது, கண் கொட்டுகிறவர்களுக்கென்று என்னிடம் ஒரு வழி இருந்தது. முதலில் கண்ணை மூடச் சொல்வேன், மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்வேன். அப்போதுதான் திறந்த கண் உடனே மூடாது. அந்த நொடியில் அமுக்கிவிட வேண்டும். ஊரையெல்லாம் அப்படி எடுத்தவள், பெற்ற அப்பாவை ஒருநாள் நிதானமாக உட்காரவைத்து எடுத்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். விறுவிறுவென்று போய் பீரோவிலிருந்து பழைய கேமராவை எடுத்தேன். ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு ரோல் பல வருடமாகப் பத்திரமாக இருந்தது.

"அது காலாவதி ஆயிருக்கும்கா."

"நான் ஆகலையேடா! நூறு எடுக்கறவன் ஒண்ணையும் பாக்க மாட்டான். ஒண்ணு எடுக்கறவன்தான் ஆளைப் பாப்பான். தள்ளி நில்லு."

ரோலை மாட்டி மூடினேன். தம்பி என் தோளுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"அப்பா, கண்ணை மூடிக்குங்க. பஸ்ல ஏறி உக்காந்தாச்சு. நான் மூணு சொன்னதும் திறந்து ரோட்டைப் பாருங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு!"

திறந்தார். அம்மாடி, என்ன கண்! இரண்டும் முழுசாக, நேராக, எதிரே வருகிறவனை ஓரம்கட்டச் சொல்கிற கண். அமுக்கினேன்.

"விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சுப்பா!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த படத்துக்காக லீவரைத் தள்ளியபோதுதான் பார்த்தேன். இந்தக் கேமராவில் இடது பக்கம் ஒரு குமிழ் உண்டு. லீவரைத் தள்ளும்போது அதுவும் சுற்றினால்தான் உள்ளே ஃபிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். அது அசையவே இல்லை. ஃபிலிமின் முனை உள்ளே இருக்கும் சக்கரப் பல்லில் மாட்டவில்லை. அந்தக் காலத்தில் குமிழைப் பார்க்காமல் நான் ஒரு படம் எடுத்ததில்லை. இன்று வாய்ச்சவடாலில் மறந்துபோனேன்.

மூடியைத் திறந்து ஃபிலிமைத் திரும்ப மாட்டினேன். "இன்னொரு தடவைப்பா." இந்த முறை அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார், இமை துள்ளியது. அதற்கடுத்த முறை இடது கண்ணிலிருந்து நீர் கொட்டத் தொடங்கியது. வலிக்கிறது போல, கையால் பொத்திக்கொண்டார்.

"போதும்மா. அதான் விழுந்துச்சுன்னியே."

அப்படியே விட்டிருக்கலாம். முடியவில்லை. "விழலைப்பா. ஃபிலிம் ஓடவே இல்ல. தப்பு என் மேலதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

தம்பி தொண்டையைச் செருமினான். "அக்கா, நீ முதல்ல மூணு சொன்னப்ப நானும் ஒண்ணு எடுத்தேன்."

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு."

பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, முழுசாக.

"ஏன்டா இவ்வளவு நேரம் சொல்லல?"

"தள்ளி நில்லுன்னியே. பயம்தான்."

அன்று மத்தியானமே ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டேன். படத்தைக் குப்புறக் கவிழ்த்து, சீலை மையில் ஒற்றி, நடுமுதுகில் ஓங்கிக் குத்தினேன்.

"அக்கா, அது நான் எடுத்தது."

"தெரியும்டா. வாயை மூடு."

செவ்வாய்க்கிழமை நானும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அப்பா இடது பக்கம் பெரிய கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே நின்ற நர்ஸின் கையில் அந்தப் படம்.

"நல்லா எண்ணிப் பாரும்மா," என்றார். "ரெண்டு இருக்கும்."

"இருக்குங்க ஐயா. யார் எடுத்தாங்க, இவ்வளவு அழகா?"

அப்பா எங்கள் இருவரையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"என் பிள்ளைங்க," என்றார்.