மலையைச் சுற்றி நடக்க ஒரு புத்தகம்

1

“அப்ப இந்தப் புஸ்தகத்துப்படி போகோணும்னா குதிரை வேணுமா கண்ணு?”

“வேண்டாமுங்கப்பா. எழுதுன வெள்ளைக்காரரு குதிரை வெச்சிருந்தாரு. நாங்க நடந்துதான் போறோம்.”

“குதிரையில போன ஆளுக்கே மத்தியானம் ஆயிருச்சுன்னு போட்டிருக்குது. நடந்தா எப்பப் போய்ச் சேருவீங்க?”

கேட்டவர் காளியண்ணன், ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பதில் சொன்னவள் அவருடைய மகள் பார்வதி. அவளுக்குப் பின்னால் நின்று, சிரிப்பு வராமலிருக்கத் தாவணி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தவள் தோழி தெரசம்மாள்.

இந்தக் கதையை நான் இங்கே தொடங்க நினைக்கவில்லை. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் படித்ததால் வந்த வினை இது. அதில் ஒருவன் கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு மலை மலையாக நடக்கிறான். பொழுது சாய்ந்தால் ஒரு விடுதி வருகிறது. விடுதியில் சூடாகச் சூப் வருகிறது. சூப்பை எடுத்துக்கொண்டு விடுதிக்காரரின் மகள் வருகிறாள். எனக்குத் தாங்க முடியாத பொறாமை. சேர்வராயன் மலையில் மட்டும் ஏன் யாரும் இப்படி நடப்பதில்லை என்று கேட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி தயாராகவே இருந்தது:

அந்தி மயங்கும் வேளையில் ஏற்காட்டு விடுதியின் முன் கோச்சு வண்டி வந்து நின்றது. வண்டியோட்டி தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி

(ஏற்காட்டில் ஏது கோச்சு வண்டி? சேலத்து பஸ்தான். கண்டக்டர் தொப்பி போடமாட்டார்.)

சேலத்து பஸ் கடைசிக் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது, ஜன்னலோரம் அமர்ந்திருந்த அந்நியன் தன் தோல்பையைத் திறந்து

(வாந்தி எடுப்பான். அந்த வளைவில் அதற்குத்தான் பையைத் திறப்பார்கள்.)

ஆகவே அந்நியனை அடிவாரத்திலேயே இறக்கிவிட்டேன். மலையிலேயே பிறந்து, பஸ்ஸில் வாந்தி எடுக்காத ஓர் ஆள் எனக்கு வேண்டியிருந்தது. பார்வதி கிடைத்தாள்.

2

வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. தை பிறந்ததும் பார்வதி சேலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் அவளுக்கு ஓர் ஆசை. வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் என்று ஊர் ஊராக மலையை ஒரு சுற்று நடந்தே வந்துவிட வேண்டும். நாலைந்து நாள் ஆகும். இரவில் தங்குவதற்குத் தெரசம்மாளின் சொந்தக்காரர்கள் வழியெல்லாம் இருக்கிறார்கள். இருவர் மட்டும் போக வேண்டும். துணைக்கு என்று அண்ணனோ மாமனோ கூட வரக்கூடாது. சேலத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காரப்போகிற காலத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு தடவை, யாரும் முன்னால் போகாமல், யாரும் பின்னால் வராமல் நடந்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

(இந்த இடத்தில் அவளுடைய கூந்தலைக் காற்று கலைப்பதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடை. காற்று ஒன்றும் செய்ய முடியாது. பத்தியை அடித்துவிட்டேன்.)

காளியண்ணன் கெட்டவர் இல்லை. முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. அச்சில் இருப்பதை மட்டுமே நம்புவார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிய போர்டில் ஒரு பஸ் இருந்தால் அது இருக்கிறது. அந்த பஸ்ஸை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது என்று கடைக்காரர்கள் சொன்னாலும், போர்டைக் காட்டிவிட்டு நின்றுகொண்டிருப்பார். மகள் வந்து கேட்டபோதும் அதே நியாயம்தான்.

“இப்பிடிச் சுத்தி வாரதுக்குன்னு ஒரு வழி இருக்குதுன்னு எந்தப் புஸ்தகத்துலயாச்சும் போட்டிருந்தாக் காட்டு. பொறவு பேசலாம்.”

இப்படித்தான் பார்வதியும் தெரசம்மாளும் வழிகாட்டிப் புத்தகம் தேடி அலைய நேர்ந்தது. வழி தெரியாமல் தேடவில்லை. அப்பாவைச் சம்மதிக்க வைக்கத் தேடினார்கள். நான் படித்த நாவலின் நாயகனுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அவனுக்கு அப்பாவே இல்லை.*

* மொழிபெயர்ப்பு நாவல்களில் நடக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அப்பா இருப்பதில்லை. இதை யாராவது ஆராயலாம்.

மூன்று புத்தகங்கள் கிடைத்தன. கோயிலுக்குப் போகிற பக்தர்களுக்காக யாரோ போட்ட சின்னப் புத்தகம் ஒன்று. சுற்றுலா வருகிறவர்களுக்கு லாட்ஜில் இலவசமாகக் கொடுக்கும் மடிப்புத்தாள் ஒன்று. அதைப் புத்தகம் என்று சொல்லத் தெரசம்மாளே கூச்சப்பட்டாள். மூன்றாவது, கான்வென்டு நூலகத்தில் கழித்துப்போட்ட கனமான இங்கிலீஷ் புத்தகம். ஒரு காலத்தில் இங்கே தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் எழுதியது. மலையைச் சுற்றும் வழியை ஊர்வாரியாக விவரித்திருந்தார்.

“எதைக் காட்டுறது?” என்று கேட்டாள் தெரசம்மாள்.

“மொதல்ல நடந்து பாப்போம். எது சரியா வழி சொல்லுதோ அதைக் காட்டுவோம்.”

இப்படி யோசிப்பது நாயகிக்கு அழகு என்று நானும் சம்மதித்தேன்.

3

கோயில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் வாழவந்திப் பக்கம் கிளம்பினார்கள். வீட்டில், தெரசம்மாளின் அத்தையைப் பார்க்கப் போவதாகப் பேச்சு. அந்தப் புத்தகத்தில் தூரத்துக்கு ஒரே ஒரு அளவுதான் உண்டு: சிறிது தூரம். ஆலமரத்திலிருந்து ஓடை சிறிது தூரம். ஓடையிலிருந்து கல்மேடு சிறிது தூரம். கல்மேட்டிலிருந்து கைலாயத்துக்கும் அவர் அப்படித்தான் எழுதியிருப்பார் என்றாள் தெரசம்மாள். ஓடையைத் தாண்டியதும் கேழ்வரகுக் கொல்லையில் ஒரு வீடு இருந்தது. அத்தாயி என்கிற மலைக்காரப் பெண் வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். சும்மா நடக்கிறோம் என்றாள் பார்வதி. கோயிலுக்கா? இல்லை. துக்கத்துக்கா? இல்லை. சந்தைக்கும் இல்லையா? இல்லை, சும்மாதான்.

அத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். வயசுப் பெண்கள் இருவர், கையில் பை, கேட்டால் சும்மா. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“உள்ள வா கண்ணு. ஊட்டுல சண்டையா?”

இல்லை என்று சொல்லச் சொல்ல அவளுக்கு உறுதியானது. உட்கார வைத்துக் களி போட்டாள். அவரைக்காய்க் குழம்பை ஊற்றி, உண்ணும்போது அழக்கூடாது என்றாள். யாரும் அழவில்லை, தெரசம்மாள் தாவணியைக் கடித்துக்கொண்டிருந்தாள், அது அப்படித் தெரிந்திருக்கிறது. பிறகு அத்தாயி தன் வேலையைப் போட்டுவிட்டு அவர்களோடு ரோட்டுக்கு வந்து, ஏற்காட்டு பஸ் வரும்வரை காத்திருந்து, ஏற்றிவிட்டாள். கண்டக்டரிடமும் சொல்லி அனுப்பினாள்: “புள்ளைக கோவிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. நடுவுல எறக்கி உட்றாதீங்க சாமி.” கண்டக்டர் ஏற்காடு வரும்வரை குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று அவர்களுக்குப் புத்தி சொன்னார்.

(அத்தாயி இவ்வளவு அவசரமாக முடிவுகட்டுவாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் நீங்களே நினைத்துப் பாருங்கள். மலையில் எல்லோரும் நடக்கிறார்கள். ஆனால் எதற்காகவாவது நடக்கிறார்கள். சும்மா நடக்கிறவர்கள் வீட்டில் கோபித்துக்கொண்டவர்கள்தான். அவளை மாற்றவில்லை.)

எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் எழுதுவதில்லை. பயனுள்ள புத்தகம் முதல் பக்கத்தில் அதைத்தான் சொல்ல வேண்டும். அடுத்து, எத்தனை வீடுகளில் களி உண்ண வேண்டியிருக்கும் என்பதை.

5

நாலாம் பகுதி இருந்தது. அதில் வனத்துறை இளைஞன் ஒருவன் வந்து புல்லாங்குழல் வாசித்தான். பார்வதி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அப்பா என்ன சொல்வாரோ என்கிற கவலையில் இருந்தாள். அவனை வேறு கதைக்கு அனுப்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்ட பிறகு மற்ற இரண்டையும் நடந்து பார்க்கவில்லை; தெரசம்மாளிடம் வேறு யோசனை இருந்தது. “உங்கப்பாரு வழி பாக்கமாட்டாரு புள்ளே, கனத்தைத்தான் பாப்பாரு. இங்கிலீஷைக் குடு.” இருந்தாலும் பார்வதி நேர்மையாக மூன்றையும் கொண்டுபோய் அப்பாவின் மேசையில் வைத்தாள்.

காளியண்ணன் கனத்தைப் பார்க்கவில்லை. மூன்றிலும் தன் எஸ்டேட்டைத் தேடினார். தெரிந்த இடத்தைப் பற்றி ஒரு புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், தெரியாத இடத்தைப் பற்றி அது சொல்வதை நம்பலாமா என்று தெரிந்துவிடும் என்றார். (இதை நான் யோசித்ததே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அவராகச் சொன்னார்.)

கோயில் புத்தகத்தில் எஸ்டேட்டே இல்லை. மடிப்புத்தாளின் படத்தில் லாட்ஜ் மலையைவிடப் பெரிதாக இருந்தது; எஸ்டேட் ஏரிக்குள் கிடந்தது.

“நாம தண்ணிக்குள்ளயா இருக்கறோம்?” என்று மனைவி வீராயியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இங்கிலீஷ் புத்தகத்தில் எஸ்டேட் இருந்தது. குதிரை விஷயத்தையும் மத்தியானம் ஆன விஷயத்தையும் அப்போதுதான் கண்டுபிடித்தார். கதையின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட பேச்சு அதுதான். காளியண்ணன் விரலை வைத்து மேலும் படித்தார். எஸ்டேட்டார் மரியாதையாக உட்கார வைத்தார்கள், ஆனால் கொடுத்த காப்பி வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது.

“நெசத்தை எழுதியிருக்கறான்” என்றார் காளியண்ணன்.

நல்ல கொட்டையெல்லாம் மூட்டை கட்டி ஏலத்துக்குப் போய்விடும். எஸ்டேட்டில் இருப்பவர்கள் குடிப்பது கழிவுக் கொட்டையின் பொடி. இதை வெளியாருக்கு யாரும் சொல்வதில்லை. சொன்ன புத்தகத்தை அவர் மூடாமல் வைத்துக்கொண்டார். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

6

பார்வதி காத்திருந்தாள். புத்தகம் திரும்பி வரவில்லை. சோறு உண்ணும்போது அது தட்டுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அகராதியும் வந்து சேர்ந்தது. “இத்தன வருசத்துல எங்கூட இவ்வளவு பேசுனதில்லீங்க, அந்த வெள்ளைக்காரங்கூடப் பேசறாரு” என்று வீராயி அக்கம்பக்கத்தில் சொன்னாள். காளியண்ணன் நடுநடுவே தலையைத் தூக்கி, செம்மநத்தத்துக்கு அப்பால் ஒரு மேட்டில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகுமாம் என்பார். எஸ்டேட்டில் எந்தச் செடி எந்த வரிசையில் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவர். எஸ்டேட் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து கேட், அதைத் தாண்டி மலையில் எங்கும் நடந்ததில்லை. சும்மா ஒரு மேட்டில் போய் நிற்கலாம் என்று அவருக்கு யாரும் அச்சடித்துக் காட்டியதில்லை.

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவு: அவர் மறுக்கிறார். பார்வதி வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் ஹெட்ஃபோனில் மாரமங்கலத்திலிருந்து ஒரு குரல் (மாரமங்கலத்தில் அப்போது போன் இருந்ததா என்று தெரியவில்லை. கண்ணீர் வரவழைக்கிற முடிவு வேறு. வேண்டாம்.)

இரண்டாவது: எந்தப் புத்தகமும் உதவாது என்று பார்வதி தானே ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறாள். இதை நீங்கள் முதல் பக்கத்திலிருந்தே எதிர்பார்த்திருப்பீர்கள். அதனால்தான் வேண்டாம்.

நடந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரசம்மாளும் வந்திருந்தாள். காளியண்ணன் புத்தகத்தை மூடிப் பார்வதியின் கையில் கொடுத்தார்.

“போயிட்டு வாங்க. நல்ல புஸ்தகம். காப்பி மட்டும் எங்கயும் குடிக்காதீங்க.”

பார்வதிக்குச் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. போடவில்லை. தெரசம்மாள் அவள் முழங்கையைக் கிள்ளினாள். இருவரும் திரும்பியபோது, அப்பா நாற்காலிக்கு அடியில் குனிந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே ஒரு ஜோடி புதுக் கேன்வாஸ் ஷூ. அவருடைய அளவு. அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். எஸ்டேட் ஆட்களிடம் ஒருநாளும் வராத ஒரு குரல் அவருக்கு வந்தது.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அவள் சரி என்றால், யாரும் முன்னாலும் பின்னாலும் வராத அந்த நடை போயிற்று. முடியாது என்றால், அந்த ஷூ. பார்வதியைப் பார்த்தேன், அவள் தெரசம்மாளைப் பார்த்தாள், தெரசம்மாள் தாவணியைக் கடிக்கவில்லை. பதிலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவர் கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

“ஏங் கண்ணு, அந்த மேடு வரைக்கும்... நானும் கூட வரட்டுமா?”