விரலில்லாத விருந்தாளி

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, மருந்துக்கடையின் மேல்மாடியிலிருந்து தெருவுக்கு இலவசமாக வழங்கப்பட்டுவந்த வைஃபை, விதிகளுக்கு உட்படுத்தப்பட்டது. அதுவரை அதற்கு விதி என்று ஒன்றும் இருந்ததில்லை. கடவுச்சொல் கிடையாது, பெயர் மட்டும் உண்டு. ‘உள்ளே வரலாம்’ என்பது அந்தப் பெயர். வைத்தவன், மருந்துக்கடையை நடத்திவந்தவளின் கொழுந்தன். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். நெடிய, ஒல்லியான உடம்பு. தோளில் எந்நேரமும் ஓர் ஏணி. ஆகவே தெருவில் அவனுக்குப் பெயரும் ஏணி. அவன் அழைப்பதைக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அவள் அண்ணி ஆகிவிட்டிருந்தாள். அவள் கணவனுக்கு ரயிலில் வேலை; வீட்டில் தங்கும் நாள்கள் குறைவு.

யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய ரௌட்டர் ஒன்றை எடுத்துவந்து, அதைச் செய்த நிறுவனம் அதற்குள் எழுதி வைத்திருந்த மென்பொருளை முற்றிலும் துடைத்துவிட்டு, முகமறியாத பலர் கூடி எழுதிப் பொதுவில் விட்டிருந்த வேறொன்றை அதில் ஏற்றியவன் ஏணி. பழையது போய்ப் புதியது வந்து சேர்வதற்கு இடைப்பட்ட சில நிமிடங்கள் அந்தப் பெட்டி விளக்குகள் அணைந்து, எந்த உயிருமற்றுக் கிடந்தது. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே அமர்ந்திருப்பவனைப் போல அவன் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு ஒரு பச்சை விளக்கு, தயங்கித் தயங்கி, கண்விழித்தது. “முன்னாடி அது கம்பெனிக்காரன் சொல்றதைக் கேட்டுச்சு அண்ணி. இனிமே நம்ம சொல்றதைக் கேக்கும்” என்றான். “நீங்க சொல்றதை வீட்டுல யாரு கேக்கறாங்க தம்பி, அதுவாவது கேக்கட்டும்” என்றாள் அண்ணி.

அன்றுமுதல் மேல்மாடிப் பலகணிக்குக் கீழே மனிதர்கள் சேர ஆரம்பித்தனர். அந்தத் தெரு ஆற்றுக்கு அருகில் இருந்தது. மாலையில் பனிப்புகை ஏறிவரும். புகைக்குள் முகங்கள் மட்டும் தனித்தனியே ஒளிர்ந்துகொண்டு நிற்கும். சுவரில் சாய்ந்து சிரிக்கும் ஒருத்தி, குடையைக் கழுத்தில் இடுக்கியபடி யாரிடமோ கெஞ்சும் ஒருவன், மருந்துக்கு வந்து மருந்தை மறந்துவிட்டு நிற்கும் ஒரு கிழவர். கடைக்குள்ளிருந்து பார்க்கையில், தெருவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளம் தேங்கி நிற்பதாகவும், அவர்கள் அதன் கரையில் நின்று தத்தம் முகத்தை அதில் பார்த்துக்கொள்வதாகவும் அண்ணிக்குத் தோன்றும். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

விதிகள் வந்ததற்குக் காரணம் இருந்தது. யாரோ ஒருவர் பட்டப்பகலில் திரைப்படங்களாக இறக்கிக் குவித்ததில் இணைப்பு திணறி, கடையிலிருந்து அனுப்ப வேண்டிய மருந்துக் கொள்முதல் ஆணை ஒன்று போகாமல் நின்றது. மூச்சுத்திணறல் உள்ள ஒரு பெண்ணுக்கு அன்று வரவேண்டிய மருந்து மறுநாள்தான் வந்தது. அப்பெண் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அண்ணியைச் சுட்டது. அன்று மாலையே அமர்ந்து விதிகளை எழுதினாள். பிறருக்கும் இடம் விடுக. பகலில் பெரிய கோப்புகளை இறக்காதீர். வாசலை மறித்து நிற்காதீர். இப்படியே சில. இணைகின்ற ஒவ்வொருவர் திரையிலும் முதலில் இந்தப் பக்கம் தோன்ற வேண்டும்; அடியில் உள்ள ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் வழி திறக்க வேண்டும்; நேற்று அழுத்தினேன் என்பது இன்றைக்குச் செல்லாது.

ஏணி படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “தானம் வாங்கின மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நீங்க தானத்தையும் குடுத்துட்டு, வாங்க வந்தவன் பல்லைப் பிடிச்சுப் பாக்கறீங்களே அண்ணி.”

“பல்லு சுத்தமா இருக்கறவன் வாயைத் திறக்கறதுக்கு என்ன கஷ்டம்?”

அவன் அந்தப் பக்கத்தை ரௌட்டரில் ஏற்றிக் கொடுத்தான். அந்த மென்பொருளில் இதற்கெல்லாம் இடம் இருந்தது. எல்லோரும் அழுத்தினார்கள். படித்தார்களா என்பது வேறு, அழுத்தினார்கள். ஒன்று மட்டும் அழுத்தவில்லை.

இணைந்திருக்கும் கருவிகள் அனைத்தும் கடையின் கணினியில் வரிசையாகத் தெரியும். அனுமதி பெற்றவை ஒரு பக்கம். விதிப்பக்கத்தின் முன்னே நிற்பவை இன்னொரு பக்கம். பின்னதில் எவரும் நெடுநேரம் தங்குவதில்லை. ஆனால் அதில் ஒரு வரி, பெயரில்லாமல், எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு கோவையாக, காலையிலும் இருந்தது, மாலையிலும் இருந்தது. நாள்கள் சென்றன. அது ஏற்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அண்ணி அதற்கு ‘வீம்பு’ என்று பெயர் எழுதி வைத்தாள். மருந்துச் சீட்டுகளுக்கு இடையில் கண் அந்த வரியின்மீது போய் நிற்கும். அருகிலேயே ‘வெளியேற்று’ என்ற பொத்தான். சில பிற்பகல்களில் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு எடுத்துவிடுவாள். அழுத்தாமல் விட்டதற்குக் காரணம் ஒரு கனவு.

மழைக்காலத்துப் பிற்பகல் ஒன்றில், கல்லாவின் பின்னால் கன்னத்தில் கைவைத்தபடியே அவள் கண்ணயர்ந்துவிட்டாள். கடைவாசலில் யாரோ வந்து நிற்பதாகக் கண்டாள். ஆணா பெண்ணா தெரியவில்லை, நீண்ட மேலங்கி, அதன் விளிம்பிலிருந்து நீர் சொட்டியது, ஆனால் தரை நனையவில்லை. “உள்ள வாங்க” என்றாள். வந்த உருவம் தலையசைத்தது, வரவில்லை. “அப்ப கிளம்புங்க” என்றாள். அதற்கும் தலையசைத்தது, போகவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறக்க வேண்டியதுதானே என்று சினந்து பார்த்தபோதுதான், அதன் சட்டைக்கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்குவதைக் கண்டாள். விழித்தபோது மழை நின்றிருந்தது. மருந்துப் பெட்டிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பனபோல் நீலமாகத் தெரிந்தன. கனவுகளுக்காகக் கடை நடத்த முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆயினும் வெளியேற்றவில்லை.

ஆகஸ்டு மாதத்தின் ஒரு பிற்பகலில், எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசிக்கும் தையற்காரம்மா கடைக்கு வந்தார். தெருவில் பாதிப்பேர் அணிந்திருந்தது அவர் கையால் தைத்தது. அளவுநாடா கழுத்தில் இல்லாமல் அவரைக் கண்டவர்கள் குறைவு. அன்று நாடா இல்லை.

“ஏம்மா, கெட்டி அட்டைப்பெட்டி ஒண்ணு இருக்குமா? மருந்துப் புட்டி வருமே, உள்ள பஞ்சு வெச்சது.”

“இருக்கு அக்கா. எதுக்கு?”

“கண்ணாடிச் சாமான் ஒண்ணு அனுப்பணும். வழியில உடையக் கூடாது. உடைச்சு அனுப்புனான்னு பேரு வேண்டாம்.”

அண்ணி பெட்டியை எடுத்துவந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். தையற்காரம்மா மெல்லச் சொன்னார். அவருடைய மகள் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் வேலை செய்கிறாள். வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சு, பேச்சுக்கே முற்றுப்புள்ளி ஆகிவிட்டது. அதன்பின் தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. ஒரு வருடம் கழித்து, கடிதம் ஏதுமின்றி, மின்சாரத்தில் ஓடும் படச்சட்டம் ஒன்று கூரியரில் வந்தது. மகள் எங்கிருந்தோ அனுப்பும் படங்கள் அதில் தாமாகத் தோன்றும். வட்டச் சன்னல், ஈரமான மேல்தளம், அடுக்கிய தட்டுகள், துறைமுகத்து விளக்குகள். எதிலும் அவள் இல்லை. தையல் இயந்திரத்துக்கு எதிரே அதை மாட்டிவைத்து, புதிய படம் ஒன்று வரும் நாளில் தாய் இரண்டு மடங்கு தைப்பார்.

“எனக்குத் திருப்பி அனுப்பறதுக்கு என்ன இருக்கு? போன மே மாசம் ஒரு கோட்டுத் தெச்சேன், நீலத்துல. அளவு எடுக்கல, ஞாபகத்துல தெச்சேன். கப்பல் ஆபீசுக்கு அனுப்பி வெச்சேன். போய்ச் சேந்திருக்கும் அந்தச் சமயம், படம் நின்னுபோச்சு.” அவர் அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அளவு தப்பாப் போயிருக்கும்மா. பெத்தவளுக்குப் புள்ளையோட அளவு தெரியலேன்னா அவ என்ன நெனைப்பா? சரி, வேண்டாம்னு சொல்லிட்டா. நானும் அவ சாமானை அவளுக்கே அனுப்பிடறேன். கணக்குத் தீந்துது.”

“படச்சட்டம் பழுதா இருக்கலாமே அக்கா?”

“பழுது எங்க? ஜோரா ஓடுது. பழைய படமெல்லாம் மாறி மாறி வருது. புதுசுதான் இல்ல.”

“எந்த வைஃபைல ஓடுது?”

“எனக்கு ஏது? உங்களோடதுலதான். ஏணித் தம்பிதான் லிஃப்ட் சரிபண்ண வந்தப்ப மாட்டிக் குடுத்தாரு.”

“எப்பலேர்ந்து வரல?”

“ஜூன் ஆரம்பத்துலேர்ந்து.”

அண்ணி பெட்டியைக் கல்லாவின்மேல் வைத்தாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவள் குரல் மாறியிருந்ததைக் கேட்டு அவன் ஏணியைக்கூட இறக்காமல் ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டான். “ஐயையோ, ஆமா, நான்தான் இணைச்சேன்! அதுல எங்க அண்ணி பொத்தான் அழுத்தறது? அதுக்குத் தொடுதிரையே கிடையாதே.”

தையற்காரம்மாவுடன் அவன் மேலே போனான். அண்ணி கணினியின் முன் அமர்ந்து கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“பிளக்கை எடுங்க தம்பி.”

“எடுத்துட்டேன்.”

சற்று நேரத்தில் அந்த வரி மறைந்தது. இத்தனை நாளும் வாசலில் நின்ற ஒருவர் விலகிப் போனதுபோல் அந்த இடம் அகலமாகவும் குளிர்ச்சியாகவும் ஆயிற்று. அவள் தன்னையறியாமல் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாட்டுங்க. சீக்கிரம் மாட்டுங்க.”

வரி திரும்பி வந்தது. ‘வீம்பு’ என்ற பெயரோடு, அதே பக்கத்தில், அதே பணிவோடு நின்றது. அவள் அதன் அருகே ‘கேளாமல் அனுமதி’ என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். பிறகு கடைக்கதவைச் சாத்திவிட்டு, அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள். லிஃப்ட் இருந்தது நினைவுக்கு வரவில்லை.

அறை முழுவதும் துணி. நாற்காலியில், கட்டிலில், சன்னல் கம்பியில், பாதி தைத்த சட்டைகள் ஆள் இல்லாமல் அமர்ந்திருந்தன. தையற்காரம்மா படச்சட்டத்தின் எதிரே நின்றிருந்தார். அண்ணி மூச்சு வாங்கியபடியே சொன்னாள்:

“அக்கா, உங்க பொண்ணு நிறுத்தல. நான்தான் நிறுத்துனேன். விதின்னு ஒண்ணு போட்டேன். அதுகிட்டயும் சம்மதம் கேட்டுட்டேன்.”

தையற்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார், ஒரு துணியின் தரத்தைப் பார்ப்பதுபோல். “விரலே இல்லாத பண்டத்துகிட்ட ஒப்புதல் கேட்டிருக்கியேம்மா” என்றார். “உன் புருஷன் ரயிலே கதின்னு கிடக்கறதுல தப்பே இல்ல.”

ஏணி சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு வட்டம் சுழன்றது. திரை சாம்பல் நிறமாயிற்று. சாம்பலுக்குள்ளிருந்து, ஆற்றின்மேல் புகை விலகுவதுபோல, ஒரு படம் எழுந்தது. பனிமூட்டத்தில் நிற்கும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். அடுத்து, கரண்டிகள் வரிசையாகத் தொங்கும் சுவர். யாருமில்லாத நீண்ட மேசை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வாரக்கணக்காக வாசலில் நின்றவை முண்டியடிக்காமல், வந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. தையற்காரம்மா தேடுவது எது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அது இல்லாமலும் போகலாம் என்பதும் தெரிந்திருந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அப்போது ஒரு படம், மேலிருந்து கீழாக, பட்டைபட்டையாகத் திறந்தது. ஆவி பறக்கும் பெரிய பாத்திரம் ஒன்று. அதன் விளிம்பைப் பற்றியிருக்கும் ஒரு கை. கையின்மேல் நீலத்துணி, இரண்டு மடிப்பாக மேலே சுருட்டிவிடப்பட்டிருந்தது. அதற்குமேல் படம் வெட்டுப்பட்டிருந்தது. முகம் இல்லை.

தையற்காரம்மா அருகில் சென்று, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, கண்ணாடியின்மேல் வைத்து அளந்தார்.

“கை நீளமாப் போச்சு” என்றார். விரல்களை எடுக்காமலே, “தோள் சரியா இருக்குமோ என்னவோ” என்றார்.

இறுதியில் முடிவானவை இவைதாம். விதிப்பக்கம் நீக்கப்படவில்லை, விரல் உள்ளவர்களுக்கு அது அப்படியே நீடிக்கும். விரல் இல்லாதவை எவை என்பதை ஏணி வீடுவீடாகச் சென்று கேட்டறிந்து, அவற்றைக் கேள்வியின்றி உள்ளே விடுவான். நடந்த தவறு இன்னதென்று மகளுக்கு யாரும் எழுத வேண்டாம் என்று தையற்காரம்மா கூறிவிட்டார். எழுத்து தமக்கு வராது என்றும், வேறொரு கோட்டு, கை குறைத்து, தைக்கப்போவதாகவும் சொன்னார். அட்டைப்பெட்டி கடைக்குத் திரும்பவில்லை. கோட்டு அனுப்புவதற்கு வேண்டும் என்று அவரே வைத்துக்கொண்டார்.