உட்கார்ந்துகொண்ட சிகரம்

நான்காவது முறையாகப் பெயர் மாற்றப்பட்ட மறுநாள் காலை, சிகரம் உட்கார்ந்துகொண்டது. ஐயாயிரத்து எண்ணூறு மீட்டர் இருந்தது, நாலாயிரத்துத் தொள்ளாயிரமாகிவிட்டது. அந்த வாரம் தக்காளி விலையிலும் சிறிது இறக்கம் இருந்தது. முதல் பெயர் ஒரு தளபதியுடையது. மற்றவை அவரைத் தோற்கடித்தவர்களுடையவை. ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி நட்டவர் பெயிண்டர். அவர் மனைவி, மலையடிவார வானிலை நிலையத்தில் பனியையும் காற்றையும் அளப்பவள். ஊரில் அவளுக்கு மழைக்காரி என்று பெயர்.

உயரம் குறைந்ததும் குளிர் விட்டது. பனி விழவேண்டிய இடத்தில் மழை விழுந்து, வந்த வேகத்தில் ஓடிப்போனது. இரண்டாவது கோடையில் ஓடை வற்றியது. பழைய உயரத்தையே எழுதும்படி வரைபட அலுவலகம் கடிதம் போட்டது, அவள் எழுதவில்லை. பாதி வீடுகள் பூட்டப்பட்டன. ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் தங்கையும் லாரியில் கட்டில் ஏற்றினாள்.

"தண்ணி இல்லாத ஊர்ல பிள்ளைய எப்படிக்கா வளர்க்கிறது?"

"ஒரு வாரம் பொறு."

மழைக்காரியும் பெயிண்டரும் நான்கு நாளில் உச்சிக்கு ஏறினார்கள். அவர் எழுதாத பலகை ஒன்றைச் சுமந்து வந்தார். என்ன பெயர் எழுதுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு, கோபித்துக்கொண்ட தங்கையிடம் பேசுவதுபோலக் கேட்டாள்: "ஏண்டி, உன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. எங்க தப்புதான். எந்திரி."

சிகரம் எழுந்தது. பெயிண்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏற நான்கு நாள், இறங்க ஆறு நாள் ஆயிற்று. அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் பனி விழத் தொடங்கியிருந்தது. தங்கை லாரியிலிருந்து கட்டிலை இறக்கச் சொல்லிவிட்டாள்.

அளக்க வந்த வரைபட அதிகாரி பழைய பெயரைச் சொன்னபோது மலை மூன்று மீட்டர் இறங்கியது. மழைக்காரி கூப்பிட்ட ஏண்டியையே பெயராக எழுதுவது அரசுக்கு மரியாதையல்ல என்று ஏங்க என்று எழுதிப் பார்த்தார். ஒரு வாரம் ஆலங்கட்டி பெய்தது. அடித்து எழுதினார்.

இப்போது வானொலியில் தினமும் காலை ஏழு மணிக்குப் படிக்கிறார்கள்: "ஏண்டி, மைனஸ் பதினொன்று, லேசான பனி." யாரும் சிரிப்பதில்லை. தங்கை தன் மகளைக் குளிப்பாட்டக் குழாயைத் திறக்கிறாள்.