நட்சத்திரம் கட்டாத வீடு

இந்தக் கிறிஸ்துமஸுக்கு விஜிலா ஒன்றுமே செய்யப்போவதில்லை. மாவு இடிக்கப்போவதில்லை, முறுக்கு பிழியப்போவதில்லை, பரண்மேல் ஏறி நட்சத்திரத்தை இறக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கால் கடுக்க நின்றவள் மே மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தாள். அத்தனை வருஷமும் கிறிஸ்துமஸ் என்றால் அவளுக்கு ஒன்று டியூட்டி, இல்லையென்றால் அடுப்படி. குடிலில் பாலன் படுத்திருக்கிறாரா இல்லையா என்று நின்று பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை.

கணவர் ஃபிராங்க்ளின் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். எங்கோ நடுக்கடலில் இருந்தார். மகன் ஜோன்ஸுக்குத் தோஹாவில் லீவு கிடைக்கவில்லை. பிறகு யாருக்காகச் சட்டி காய வேண்டும்? அவனவன் தியான இல்லத்துக்குப் போய் வாயை மூடி இருந்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு வருகிறான். நம் வீட்டையே தியான இல்லம் ஆக்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? கணவரிடமும் மகனிடமும் மட்டும் சொல்லிவிட்டு, செல்போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். வாசல் கதவைச் சாத்தினாள். ஜெபம், தூக்கம், கடுங்காப்பி, மறுபடி தூக்கம். அடடா, என்ன சுகம்!

சுகம் கொஞ்ச நாள்தான். உடம்பு அசந்ததும் மனசு எழுந்து உட்கார்ந்துகொண்டது. அது நேராகப் போய் நின்ற இடம் டெல்பின்.

டெல்பின் கூடப்பிறந்த ஒரே தங்கை. இங்கே இருக்கிற புன்னைக்காயலில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஜோன்ஸின் கல்யாணப் பத்திரிகையை விஜிலா நேரில் போய் வைக்காமல் அந்தப் பக்கம் போன வேன் டிரைவர் கையில் கொடுத்துவிட்டாள். சொந்தத் தங்கைக்கு என்ன அழைப்பு என்று நினைத்தாள். டெல்பின் கல்யாணத்துக்கு வரவில்லை. ‘வந்து அழைக்காத வீட்டுக்கு நான் வரமாட்டேன்’ என்று அதே டிரைவரிடம் சொல்லியனுப்பினாள். அதோடு முடிந்தது.

சின்ன வயதில் டிசம்பர் பிறந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் வராது. அப்பா மூங்கிலைச் சீவி நட்சத்திரம் கட்டுவார். அம்மா மைதாப் பசை கிண்டித் தருவாள். கலர்த்தாள் ஒட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. டெல்பின் ஒட்டுகிற மூலை மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். “இருக்கட்டும்ளா, கடையில வாங்கலன்னு தெரியட்டும்” என்பார் அப்பா. அதிரச மாவைத் திருடித் தின்றுவிட்டு, பூசையில் அக்காவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள் டெல்பின். அந்த எச்சில் ஈரம்கூட விஜிலாவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. இப்படி ஏங்கவா இந்தத் தியானம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இருபத்து நாலாம் தேதி காலையில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுச் செல்லக்கனி அக்கா, கையில் துணி போட்டு மூடிய பலகாரத் தட்டோடு நின்றாள். ஊருக்கே கேட்கும்படி சிரிக்கிறவள், அன்றைக்குக் குரலே எழும்பாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“மனசத் தேத்திக்கோளா. சாப்பிடாம கெடக்காத.”

“நான் நல்லாத்தான சாப்பிடுதேன்?”

“ஃபிராங்க்ளின் தம்பிய எப்பக் கொண்டாராவளாம்?”

“எங்கேருந்து?”

“கப்பல்லேருந்துதான்.” செல்லக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நட்சத்திரமும் கட்டல, பலகாரமும் சுடல, கதவும் தொறக்கல. போன் போட்டா போவல. தெருவே அழுவுது, பக்கத்து ஊருக்கெல்லாம் சேதி போயிட்டுளா.”

அந்தக் கடற்கரை ஊர்களில் சாவு விழுந்த வருஷம் மட்டும்தான் ஒரு வீட்டில் நட்சத்திரம் ஏறாது. அந்த வீட்டில் பலகாரச் சட்டியும் வைக்கமாட்டார்கள். மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த விஜிலாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஓய்வு கிடைத்த சந்தோஷத்தில் மறந்து தொலைந்தது.

ஆனாலும் ஒரு சந்தேகம். நிஜமாகவே ஏதாவது ஆகி, தனக்குத்தான் தெரியவில்லையோ? ஓடிப்போய்ப் பானைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். அதற்கு உயிர் வருவதற்குள் இவளுக்கு உயிர் போய்விட்டது. ஃபிராங்க்ளின் அன்று விடியற்காலம் குரலில் பதிந்து அனுப்பிய செய்தி ஒன்று வந்திருந்தது. “நல்லாத் தூங்குதியாளா? தூங்கு, தூங்கு. இங்கன இன்னைக்கு பிரியாணி.”

“மாதாவே!” என்று செல்லக்கனி அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு வைத வசவை எழுத முடியாது. தெருவுக்குச் சொல்ல எழுந்து ஓடினாள். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போகவும் மறக்கவில்லை.

விஜிலா போனைப் பார்த்தாள். எடுக்காத அழைப்புகளில் பாதிக்குமேல் ஒரே பெயர். டெல்பின், டெல்பின், டெல்பின்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒப்பாரி கேட்டது.

“ஏ எக்கா… எங்க அத்தான் நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிட்டாவளே…”

தலைவிரி கோலமாக டெல்பின் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் இளைத்திருந்தாள். விஜிலா அவளை விடாமல் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்.

“ஏளா, நிறுத்து. உங்கத்தான் கப்பல்ல பிரியாணி தின்னுட்டு இருக்காவ.”

ஒப்பாரி பாதியில் நின்றது. “அப்ப நட்சத்திரம் எங்க?”

“தியானத்துல இருக்கேன்ளா.”

“எதுல?”

“ஓய்வெடுக்கேன்.”

“நீ ஓய்வெடுக்கதுக்கு ஊரே ஒப்பாரி வைக்கணுமா? பஸ்ஸுல வழிநெடுக அழுதுட்டு வாரேன். பக்கத்துல இருந்த பொம்பளையும் சேந்து அழுதா!”

விஜிலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. டெல்பினும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். முகம் பழையபடி இறுகியது.

“சரி. நான் போறேன்.”

“எங்க போற?”

“துட்டின்னு, சாவு வீடுன்னு வந்தேன். துட்டிக்கு யாரும் அழைக்க வேண்டாம். திருநாளுக்கு என்னைய யாரு அழைச்சா?”

“இப்ப அழைக்கேன், இரேன்.”

“வழியில நிக்கவளக் கூப்பிடுத மாதிரியா?”

பிடிவாதம் ஒரு இழை குறையவில்லை. விஜிலாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போனால் போ என்று சொல்ல வாய் திறந்தவள், படியிறங்குகிற தங்கையின் கால்களைப் பார்த்தாள். ஒரு காலில் அவளுடைய செருப்பு, மற்றதில் அவள் வீட்டுக்காரருடைய பெரிய செருப்பு. அப்படியேதான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். விஜிலா அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் வாங்கினாள். டெல்பின் பார்க்காதமாதிரி நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டெல்பின் ஜன்னல் பக்கம் திரும்பி உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் வளைவுகளில் டெல்பினின் தோள் வந்து சாய்ந்தது, உடனே எடுக்கவும் இல்லை.

புன்னைக்காயலில் இறங்கியதும் டெல்பின் அந்தச் சோடி இல்லாத செருப்போடு முன்னால் ஓடினாள். அழைக்க ஆள் வரும்போது வீட்டுக்காரி வீட்டுக்குள் இருக்க வேண்டாமா? விஜிலா அவளுக்கு அவகாசம் கொடுத்து மெதுவாக நடந்தாள். வாசலில் கலர்த்தாள் ஒட்டிய மூங்கில் நட்சத்திரம் தொங்கியது. ஒரு மூலை கோணியிருந்தது.

“டெல்பின் இருக்காளா?”

“யாரு?” என்றது உள்ளேயிருந்து ஒரு மூச்சிரைப்பு.

“உங்க அக்கா. நாளைக்குத் திருநாளு. குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வரணும்.” தட்டு இல்லாததால் வெற்றிலையையும் கற்கண்டையும் இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். “ஜோன்ஸ் கல்யாணத்துக்கும் சேத்து அழைக்கேன்ளா.”

டெல்பின் வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை சத்தமில்லாமல் அழுதாள்.

பிறகு அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலையணையைத் தட்டிப் போட்டாள். “தியானம்னியே, இங்கன படு. சாயங்காலம் போவோம். உங்க வீட்டு நட்சத்திரத்த நான் ஏறிக் கட்டுதேன்.”

விஜிலா படுத்தாள். அடுப்படியில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. அதிரசம் கருகாமல் இருக்கணுமே என்று பழக்கத்தில் எழப்போனாள். “படுன்னு சொன்னேன்லா” என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. சரியென்று கண்ணை மூடிக்கொண்டாள்.