காலையிலேயே போட்ட டிக்

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. அக்காவிடமிருந்து எடுத்தது, பாதி கேட்டு, பாதி கேட்காமல். அக்கா ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். பதினாறு வருடமாக அடுத்தவர் வாய்க்குள் விளக்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வந்திருக்கும் புதுக் கணினியைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு நோயாளிக்கும் அது ஐந்து பாதுகாப்புக் கேள்விகள் கேட்குமாம். ஐந்து கட்டத்திலும் டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். 'எந்தப் பல் என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்தீர்களா?' என்பது நான்காவது கேள்வி.

"அத நாங்க காலைலயே போட்டுருவோம்," என்றாள்.

நான் மடிப்பதை நிறுத்தினேன். நோயாளி வருவதற்கு முன்பேயா? ஆமாம். அன்றைக்கு வரப்போகிற எல்லோருக்குமா? எல்லோருக்கும்தான். ஏன் என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வாய்க்குள் போகிற கையுறையோடு மௌஸைத் தொடக் கூடாது. ஒவ்வொரு டிக்குக்கும் கழற்றி, கை கழுவி, புதிதாக மாட்டிக்கொண்டிருந்தால் வெளியே காத்திருப்பவர்கள் நாளைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, கிருமி பரவக் கூடாது என்ற விதியைக் காப்பாற்றுவதற்காக, ஆளைக் கேள் என்ற விதியைக் காலை டீயோடு முடித்துவிடுகிறார்கள். அங்கே யாரும் சோம்பேறி இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

(உங்கள் வேலையிலும் இப்படி ஒன்று இருக்கும். யோசித்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில் அந்த நாற்காலி ஒரு பலிபீடத்தைப் போல—'

வேண்டாம். நான் பல் டாக்டரிடம் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போகாதவன்தான் இப்படியெல்லாம் எழுதுவான்.

இரண்டாவது: 'மனிதனை இயந்திரம் ஏமாற்றும் இந்தக் காலத்தில்—'

இது சுத்தப் பொய். அந்த இயந்திரம் யாரையும் ஏமாற்றவில்லை. அதற்கு என்ன சொன்னார்களோ அதைத்தான் திருப்பிச் சொன்னது.

மூன்றாவது: 'லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைசிப் பல் வலித்தது.'

இது நிற்கும் போலிருக்கிறது. உட்காருங்கள்.

3

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைசிப் பல் வலித்தது. பல்லைப் பிடுங்க வந்தவர், போன வியாழக்கிழமை, வலியை மறந்து அக்காவைத் துளைத்தெடுத்தாராம். இந்த விளக்கு ஏன் சுடவில்லை, இந்தத் திரை எப்படி உடனே படம் காட்டுகிறது என்று ஒன்றையும் விடவில்லை. தன் வேலையைப் பற்றியும் சொன்னார். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வாராம். அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டாராம்.

அக்கா வலிக்கிற பல்லை எக்ஸ்ரே எடுத்தாள். முன்பெல்லாம் ஃபிலிமின் மூலையில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். விரலால் தடவினாலே எந்தப் பக்கத்துப் படம் என்று தெரிந்துவிடும். இப்போது ஃபிலிம் இல்லை. படம் எடுப்பதற்கு முன் இடமா வலமா என்று திரையில் நாம்தான் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவளுக்கு அவருடைய இடப்பக்கம் தன் வலப்பக்கம். பதினாறு வருடத்தில் தடுமாறாதவள் அன்றைக்கு 'வலம்' என்பதைத் தொட்டாள்.

படம் வந்தது. பழைய அடைப்புக்குக் கீழே ஒளிந்திருந்த சொத்தையைக் கணினி கண்டுபிடித்துச் சிவப்பில் வட்டம் போட்டது, மிகச் சரியாக. மேலே 'வலம்' என்று இருந்தது. அவருடைய வாயிலோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடைத்த கடைசிப் பற்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். ஆனால் நான்காவது கேள்விக்குக் காலையிலேயே டிக் விழுந்துவிட்டது.

டாக்டர் வலப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டார். மரத்ததும் கருவியைக் கையில் எடுத்தார்.*

* ஊசி போடுவதற்கு முன் எல்லோரிடமும் சொல்வது: ஏதாவது என்றால் இடக்கையைத் தூக்குங்கள். இது கீழே தேவைப்படும்.

4

என் முதல் வரைவில் இந்த இடத்தில் அக்கா குறுக்கே வருகிறாள். "டாக்டர், ஒரு நிமிஷம்," என்கிறாள். கருவி அந்தரத்தில் நிற்கிறது. ஒரு நல்ல பல் பிழைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்படித்தான் சொன்னாள். அல்லது அவள் மென்று விழுங்கியதை நான் அப்படி எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது நான் இல்லடா," என்றாள்.

பிறகு, என்னைப் பார்க்காமல்: "அவரு கையத் தூக்கினாரு. பயப்படறாருன்னு நெனச்சு நான் அந்தக் கையப் புடிச்சு கீழ அமுக்கிட்டேன். ஒண்ணுமில்ல, பொறுத்துக்கோங்கன்னேன். மறுபடியும் தூக்கி இடப்பக்கக் கன்னத்தத் தொட்டுக் காட்டினாரு. அப்பறம்தான் டாக்டர் நிறுத்தினாரு."

நான் தாளை மடித்து வைத்தேன். அவள் விடவில்லை, மிச்சத்தையும் சொன்னாள். டாக்டர் இடப்பக்கம் ஊசி போட்டு, வலித்த பல்லை எடுத்து, தையல் போட்டார். இரண்டு பக்கமும் மரத்துப்போன வாயோடு அந்த மனிதர் வாசலில் நின்று, முதலில் ஏன் அந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

ரெண்டு பக்கமும் போடறது வழக்கம்தான் என்றாளாம் அக்கா.

"அப்படியா? நான் பக்கம் மாறிப்போச்சோன்னு நெனச்சு நடுவுல கையத் தூக்கித் தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க," என்று குழறலாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"மன்னிப்பு அவரு கேட்டாருடா," என்றாள் அக்கா.

(இந்த வரிக்குப் பிறகு மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.)

5

நாளை வியாழக்கிழமை. பதினொரு மணிக்குத் தையல் பிரிக்க அவர் வருகிறார்.

எடுக்க வேண்டிய பல்லைத்தானே எடுத்தோம், கிளற வேண்டாம் என்கிறார் டாக்டர். அவரைக் கெட்டவராக எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுதினால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவரும் அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். அக்கா வாயைத் திறந்தால் முதலில் கேள்வி வரப்போவது அவளுக்குத்தான். காலை எட்டு ஐம்பதுக்கு அவள் பெயரில் விழுந்த டிக் கணினியில் அப்படியே இருக்கிறது. வேலை போனாலும் போகலாம்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் மௌஸுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டுகிறாள், ஆளுக்கு ஒன்று. கையுறையைக் கழற்றாமலே தொடலாம். வருகிறவர்களிடம் வலிக்கிற பல்லின் மேல் அவர்களையே விரலை வைக்கச் சொல்லி, பிறகுதான் டிக் போடுகிறாள். அவ்வளவு சின்ன விஷயம். இதை முன்பே செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

6

முடிவு அ: அக்கா சொல்கிறாள். அவர் குதிக்கிறார், புகார் எழுதுகிறார், அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள்.

முடிவு ஆ: அக்கா சொல்கிறாள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார். (இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இ: அக்கா சொல்லவில்லை. தையல் பிரித்தாகிறது, அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இனி எந்த நாற்காலியில் படுத்தாலும், என்ன நடந்தாலும், தொந்தரவாகிவிடுமே என்று அவர் கையைத் தூக்கவே—

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

இன்று காலை மூன்றையும் அக்காவுக்கு வாசித்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்பில் ஒரு காலோடு நின்று கேட்டாள்.

"நாளைக்கு நான் சொல்லத்தான் போறேன். அத எழுதிக்கோ. ஆனா அவரு என்ன சொல்வாருன்னு எழுதாத. அவரக் கேக்காம நீயே எழுதினா, அதுவும் காலைலயே டிக் போடறதுதான்டா."

7

ஆகவே இந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்:

☐

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மணி பதினொன்று. நாற்காலி இன்னும் சாய்க்கப்படவில்லை. அக்கா கையுறை மாட்டவில்லை, முகக்கவசத்தையும் இறக்கிவிட்டிருக்கிறாள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறாள், கையை அமுக்கியதையும் சேர்த்து. பிறகு பேச்சை நிறுத்திவிட்டு எதிரே பார்க்கிறாள்.

அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசையாக இருக்கிறது. அவசரமில்லை. தோன்றும்போது கையைத் தூக்குங்கள். இந்த முறை யாரும் அமுக்க மாட்டார்கள்.